அரை சதவீத வரியும் என் வீட்டு ஒப்பந்தமும்

அந்த ஏப்ரல் முழுக்க என் வீட்டு வாசல் புல்தரையில் இரண்டு பலகைகள் நின்றன. நடைபாதைக்கு இந்தப் பக்கம் என்னுடையது: 'புது வரி வேண்டாம்.' அந்தப் பக்கம் என் மனைவி ஆர்டித்துடையது: 'ஆம்புலன்ஸ் நம் ஊரிலேயே இருக்கட்டும்.' எங்கள் கான்சாஸ் மாநிலத்துக் காற்றைப் பற்றித்தான் தெரியுமே, தினம் ஒன்றாவது சாய்ந்து கிடக்கும். என் பலகை சாய்ந்தால் அவள் வேலைக்குப் போகிற வழியில் நிமிர்த்திவிட்டுப் போவாள். அவளுடையது சாய்ந்தால் நான் நிமிர்த்துவேன், முனகிக்கொண்டே. எங்களுக்குள் சண்டை வரியைப் பற்றித்தான். பலகை என்ன பாவம் செய்தது?

விஷயம் இதுதான். எங்கள் பிளெவின்ஸ் சின்ன ஊர். இருந்த ஆஸ்பத்திரியும் மூடி வெகுகாலம் ஆகிறது. மிச்சம் ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அதை ஓட்டுகிற செலவு இனிமேல் கட்டுப்படியாகாது என்று நகரசபை கையை விரித்துவிட்டது. ஒன்று, ஊருக்குள் விற்கிற பொருளுக்கெல்லாம் அரை சதவீதம் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தில் வண்டியை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிட்டு, யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் ஆர்மண்டிலிருந்து ஆம்புலன்ஸ் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்மண்ட் பக்கத்து மாவட்டத்துப் பெரிய ஊர். அங்கிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் முக்கால்வாசிப் பேருக்குப் பாதிரியார்தான் தேவைப்படுவார். மக்களைக் கேட்காமல் வரி போட முடியாது என்பது சட்டம். ஆகவே தேர்தல். ஒரே கேள்வி, வேண்டுமா வேண்டாமா.

அந்த ஆம்புலன்ஸை ஓட்டுவது என் ஆர்டித். முதலில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எங்கள் கடைசிப் பெண் கல்லூரிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லி, பரீட்சை எழுதி, இடுப்பில் அவசர அழைப்புக்கு ஒரு பேஜரை மாட்டிக்கொண்டாள். அது கத்தினால் போதும், உருளைக்கிழங்கு அடுப்பில் இருந்தாலும் சரி, நான் கதை சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, ஆள் மாயம். யாரை ஏற்றினாள், என்ன ஆயிற்று என்று வீட்டில் மூச்சுவிட மாட்டாள். அது அவர்கள் தொழில் தர்மமாம்.

என் பெயர் டெல்மர் ஷ்ராக். பெரிய தெருவில் ஃப்ரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின் விற்கிற கடை வைத்திருக்கிறேன். ஆர்மண்டில் மைதானம் போலக் கடைகள் திறந்த பிறகு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விலையை விசாரித்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். இதில் இங்கே வரியும் கூடினால் மீதிப் பாதியும் போய்விடும். இதைச் சொன்னால் நான் கல்நெஞ்சக்காரனாம்.

"ஆயிரம் டாலர் ஃப்ரிட்ஜுக்கு அஞ்சு டாலர் கூட வரும். அஞ்சு டாலருக்காக எவனாவது ஆர்மண்ட் வரைக்கும் வண்டி ஓட்டுவானா?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தாள் ஆர்டித்.

"ஓட்டுவான். நம்ம ஊர்க்காரன் பத்து டாலருக்குப் பெட்ரோல் போட்டுட்டுப் போய் அஞ்சு டாலர் மிச்சம் புடிச்சுட்டு வருவான். நானே புடிச்சிருக்கேன்."

"தெரியுமே. புல்லு வெட்டுற மெஷின் வாங்கப் போய், டயர் வெடிச்சு, நடுரோட்டுல நின்னுட்டு எனக்குத்தானே போன் பண்ணினே."

"அது வேற கதை. பேச்ச மாத்தாத."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "டெல்மர், வண்டிய நிறுத்திட்டாங்கன்னா நான் என்னய்யா பண்ணுவேன்?"

"வீட்ல இரு. இத்தன வருஷம் ஓட்டினது போதாதா? காலை நீட்டி உட்காரு."

"உன் கடைய மூடிட்டுக் காலை நீட்டி உட்காருன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?"

  அவளுக்கு அந்த வண்டி சம்பளத்துக்கான வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். பேஜர் கத்தும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்தபோதுகூட அவ்வளவு வந்ததில்லை. அது போய்விட்டால் அவள் பாதி ஆளாகிவிடுவாள். ஆனால் என் கடை போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று யார் யோசித்தார்கள்? அதுதான் என் எரிச்சல்.

எரிச்சலில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

"இங்க பாரு ஆர்டித், நீ வேணும்னு போடுவே. நான் வேண்டாம்னு போடுவேன். உன் ஓட்டை என் ஓட்டு தின்னுடும், என் ஓட்டை உன் ஓட்டு தின்னுடும். இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் வேலை மெனக்கெட்டுப் போகணும்? போகாமலே இருந்துடுவோம். வீட்ல சண்டையாவது நிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். மீன் அழுகலா என்று பார்க்கிற பார்வை.

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ஆமா."

"சரி. நானும் போகல."

அவ்வளவுதான், முடிந்தது. வேறு ஊராக இருந்தால் இந்தப் பேச்சைக் காற்றில் விட்டுவிடுவார்கள். எங்கள் ஊர் அப்படி இல்லை. நாங்கள் பரம்பரை மென்னோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர். நீதிமன்றத்தில்கூட பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டோம். ஆணையிடுவதே பாவம் என்று வளர்ந்தவர்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. நிலம் விற்றாலும் அப்படித்தான், பெண் கேட்டாலும் அப்படித்தான். சமையலறையில் 'சரி' என்று சொல்லிவிட்டால் கல்வெட்டில் வெட்டின மாதிரி.

மறுநாள் காலையில் கூட்டுறவுக் கடையில் காபி குடிக்கும்போது இதைப் பெருமையாக எடுத்துவிட்டேன். தானியக் கிடங்கை ஒட்டி ஒரு மேஜை. ஊரில் கடை வைத்திருக்கிற கிழங்கள் எல்லாம் காலையில் அங்கேதான் கூடும். எல்லாரும் வரிக்கு எதிரி. எல்லார் வீட்டிலும் பெண்டாட்டி வரிக்குக் கட்சி. அதைப் பேசித்தான் தினமும் காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஆணி, பெயிண்ட் கடை வைத்திருக்கிற டுவேன் என் பள்ளித் தோழன். அவன் கேட்டான்: "அதுல நமக்கு என்னடா லாபம்? உனக்கு ஒண்ணு போச்சு, அவளுக்கு ஒண்ணு போச்சு. சரிக்குச் சரி."

"அட மண்டு. யோசிச்சுப் பாரு. நம்ம பொம்பளைங்க இடி இடிச்சாலும் போய் ஓட்டு போட்டுட்டு வருவாங்க. நாம? போன தேர்தலுக்கு நீ போனியா?"

"கோதுமை அறுப்பு இருந்துச்சு."

"அதுக்கு முந்தின தேர்தலுக்கு?"

"மறந்துட்டேன்."

"அதான் சொல்றேன். எப்படியும் போகாத நம்ம ஓட்டைக் குடுத்து, எப்படியும் போற அவங்க ஓட்டை நிறுத்துறோம். இதைவிட மலிவான வியாபாரம் எங்கடா கிடைக்கும்?"

டுவேன் என்னைத் தேவதூதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "மூளைடா உனக்கு! ஃப்ரிட்ஜ் விக்கிற இடத்துலயா இருக்க வேண்டிய ஆளு நீ?" என்று முதுகில் ஒன்று வைத்தான். காபி என் சட்டையில் கொட்டியது. எனக்கு அதுகூட உறைக்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

அந்த வாரத்துக்குள் ஒப்பந்தம் ஊரெல்லாம் பரவிவிட்டது. டுவேன் வீட்டில் ஆயிற்று. டயர் கடைக்காரர் வீட்டில் ஆயிற்று. கடையே இல்லாத விவசாயிகள்கூட, வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும் என்று பெண்டாட்டியிடம் 'சரி' வாங்கிக்கொண்டார்கள். ஊரில் சண்டையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தம்பதிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். போதகர் அதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய சமாதானப் பிரசங்கம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவரும் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்க்கிழமை தேர்தல். வாக்குச்சாவடி வழக்கம்போல எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில். தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, ஆம்புலன்ஸ் கொட்டகை. ஆர்டித்துக்கு அன்று பகல் முழுக்க அங்கேதான் வேலை. காலையில் கிளம்பும்போது என் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சர்ச் பக்கம் ஈ காக்கை இல்லை. காலையெல்லாம் போனது ஓரிரண்டு பேர், அதில் ஒருவர் குழாய் ரிப்பேர்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் வந்து அடுப்பு விலை கேட்டார். நானே வலியப் போய் விலையைக் குறைத்துச் சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் டுவேன் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான்.

"டெல்மர், கெட்டுச்சு குடி! வெல்டா சர்ச் வேனை எடுத்துட்டா!"

வெல்டா அன்ரூ எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள். எண்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் எங்கள் இரண்டு பேர் காதையும் திருகியவர்.

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. எங்க போறாங்களாம்?"

"எங்க போறதா? முதியோர் குடியிருப்புக்குப் போய் ஒரு நடை ஏத்திட்டு வந்து சாவடில எறக்கிட்டா. இப்ப ரயில்வே தெருவுக்குப் போயிருக்கா. அத்தனை பேரும் விதவைங்கடா!"

 எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் முன்னால் போய்விடுவார்கள். பெண்கள் அதற்கப்புறம் இருபது வருஷம் பை என்கிற பழம் அடைத்த பலகாரம் சுட்டுக்கொண்டு திடமாக இருப்பார்கள். தெருவுக்கு நாலு பேர் தேறும். புருஷன் இருந்தால்தானே ஓட்டைத் தின்ன? அவர்களை நிறுத்த ஒரு ஆள் கிடையாது. ஊரிலிருக்கும் தம்பதிகளை எல்லாம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, முடிவை விதவைகள் கையில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸைத் தவிர வேறு துணை இல்லாத விதவைகள் கையில். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"நம்ம கணக்குல அவங்க வரவே இல்லையேடா," என்றான் டுவேன் பரிதாபமாக.

"வா, போய் ஓட்டைப் போடுவோம். இன்னும் நேரம் இருக்கு."

அவன் ஒரு அடி பின்னால் போனான். "அது எப்படிடா? அவகிட்ட சரின்னு சொல்லிட்டேனே."

"நானுந்தான் சொன்னேன்."

"சொல்லிட்டு?"

"நான் பை வாங்கப் போறேன்," என்றேன். தேர்தலன்று சர்ச் பெண்கள் கீழ்த்தளத்தில் பை, பன் எல்லாம் விற்பார்கள். பை வாங்கப் போகிறவனை யார் என்ன கேட்க முடியும்? டுவேன் என்னைச் சும்மா பார்த்தான். அந்தப் பார்வையைத் தவிர்க்கத்தான் விறுவிறுவென்று வெளியே வந்தேன்.

தெருவைக் கடக்கும்போது ஆர்டித் என்னைப் பார்த்துவிட்டாள். கொட்டகைக் கதவைத் திறந்துபோட்டு, வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியோடு கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கால் ஒரு கணம் தயங்கியது, ஆனால் மனதுக்குள் என் கடைச் சுவரில் ஒட்டப்போகும் 'மூடுகிறோம், எல்லாம் பாதி விலை' என்ற விளம்பரம் பளிச்சென்று தெரிந்தது. படியிறங்கி உள்ளே போனேன்.

கீழ்த்தளம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த பீரோக் பன்னின் வாசனை ஒரு பக்கம். ஊன்றுகோல்களும் உருட்டு வண்டிகளுமாக வரிசை ஒரு பக்கம். என்னைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது.

"என்னப்பா டெல்மர், வழி தவறிட்டியா?" என்றார் வெல்டா.

"பை வாங்க வந்தேன் வெல்டாம்மா."

"பை அந்த மேஜைல. இது ஓட்டு வரிசை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா நிக்கிறே? ஏன், வீட்ல உன் ஓட்டையும் அவ ஓட்டையும் கழிச்சு விட்டுட்டதா கேள்விப்பட்டேனே."

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்படியானால் ஒப்பந்தம் இவர்களுக்கும் தெரியும். தெரிந்து, ஒரு வார்த்தை பேசாமல், செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை. மானம் போனபின் ஓட்டையும் விடுவானேன்?

என் முறை வந்தது. பெயரைச் சரிபார்த்து வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். அட்டை மறைப்பு வைத்த மேஜையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். இரண்டு வட்டங்கள். 'வேண்டாம்' என்பதற்கு நேரே பேனாவைக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் எதிரே சைரன் கிளம்பியது.

அதுவரை கலகலவென்று இருந்த கீழ்த்தளம் சட்டென்று அடங்கிவிட்டது. எங்கள் மாதிரி சின்ன ஊரில் சைரன் கேட்டால் முதலில் எல்லாரும் சுற்றிலும் பார்ப்பார்கள், யார் இங்கே இல்லை என்று. நானும் பார்த்தேன்.

"லவோன் எங்க?" என்று ஒரு குரல் பதறியது.

"பாத்ரூம்ல."

"எட்னா?"

"நான் இங்கதான் இருக்கேன், கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு."

"அப்ப யாருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. சைரன் பெரிய தெருவில் வடக்கே போய்த் தேய்ந்தது. பிறகு ஒருத்தி கேட்டாள்: "இன்னிக்கு யாரு ஓட்டுறது?"

"ஆர்டித்," என்றார் வெல்டா.

"அப்பாடா."

அந்த 'அப்பாடா' ஒருத்தி சொன்னது இல்லை. வரிசை மொத்தமும் சொன்னது. உருட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் தளர்வதை நான் பார்த்தேன். பீரோக் மேஜையில் பேச்சு மறுபடி தொடங்கியது. யாருக்கு ஆபத்து என்று தெரியாது, பிழைப்பார்களா என்று தெரியாது. ஆர்டித் ஓட்டுகிறாள் என்பது மட்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

வெல்டா பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்காகச் சொல்லவில்லை. "என் புருஷன் ஹெர்ப் போன அன்னிக்கு, ஆர்டித் வழி பூரா வண்டிய ஓட்டிக்கிட்டே அவன்கிட்ட பேசிட்டு வந்தா. பாலம் தாண்டிட்டோம் ஹெர்ப், உங்க கோதுமை வயல் வந்துருச்சு ஹெர்ப், நல்லா பச்சையா இருக்கு ஹெர்ப்னு. அவனுக்குக் கண்ணு தெரியாதில்ல, கடைசில. அவன் பொழைக்கல. ஆனா எங்க போறோம்னு தெரியாம போகல."

நான் அந்த அம்மாளின் வீட்டுக்காரருக்குச் சவப்பெட்டி தூக்கியவன். ஆர்டித் அன்றைக்கு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். என் பெண்டாட்டி யார் என்பதை ஊர்க் கிழவிகள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.  

பேனாவை நகர்த்தி 'வேண்டும்' என்ற வட்டத்தை நிரப்பினேன். மை கோட்டைத் தாண்டிப் போகுமளவுக்கு அழுத்தி நிரப்பினேன். சீட்டை இயந்திரத்தில் தள்ளிவிட்டு, ஒரு செர்ரிப் பையும் வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியேறினேன். கொட்டகை காலியாக இருந்தது. கண்ணாடி துடைத்த துணி தரையில் கிடந்தது.

சாயங்காலம் டுவேன் போன் பண்ணினான். வரி ஜெயித்துவிட்டது. அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. வெல்டாவின் வேன் ஏற்றிவந்த தலைகளுக்குள் அடங்கிவிடும்.

"உன் மூளைய எடுத்துட்டுப் போய் உன் கடை ஃப்ரீசர்லயே வை," என்றான். "கெடாம இருக்கும்."

"பேசாம இருந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போமாடா?"

"நீ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். "சரி விடு. என் பொண்டாட்டி இன்னிக்கு நெத்தியில முத்தம் குடுத்தாடா. எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?" அவனுக்குத் தோற்றதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இல்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஆர்டித் இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டாள். மத்தியானச் சைரன் வடக்கே ஒரு பண்ணையில் ஏணியிலிருந்து விழுந்தவருக்காம். கால் உடைந்ததோடு போயிற்று என்று ஊரில் எல்லாரும் சொன்னதைத்தான் சொன்னாள், அதற்குமேல் இல்லை. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நானே சமைத்திருந்தேன். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"கேள்விப்பட்டியா?" என்றேன்.

"கொட்டகைக்கே வந்து சொன்னாங்க. வெல்டாம்மா அழுதுட்டாங்க." அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "வண்டி நம்ம ஊர்லயே இருக்கும், டெல்மர்."

"நீ ஓட்டு போட்டியா?"

"இல்லையே. சரின்னு சொல்லியிருக்கேனே." கேள்வியே அவளுக்கு விளங்காததுபோலச் சொன்னாள். "ஆனா நாள் பூரா சாவடிக்கு நேர் எதிர்ல உட்கார வச்சுட்டாங்கய்யா. ஒவ்வொருத்தரா உள்ள போறதும் வர்றதும்... காலு ரெண்டும் தன்னால எந்திரிச்சுப் போயிடுமோன்னு பயந்துட்டேன். அதுக்குத்தான் அந்தக் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு வச்சேன். அவ்வளவு சுத்தமா அது இருந்ததே இல்ல."

அவளுக்கு உயிரான ஒன்று போகிற நாளில், தெருவைத் தாண்டினால் காப்பாற்றலாம் என்கிற தூரத்தில், எனக்குச் சொன்ன ஒரு சொல்லுக்காக நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்திருக்கிறாள். முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் உள்ள போனதப் பார்த்தியே," என்றேன்.

"பார்த்தேன்."

"கோபம் வரலையா?"

"கோபமா? எதுக்கு?" என்று சிரித்தாள். "உன் வாக்க மீறிட்டு எனக்காகப் போடப் போறேன்னு நெனச்சேன். தப்புத்தான், ஆனாலும் சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஜெயிச்சா என்ன, தோத்தா என்னன்னு ஆயிடுச்சு எனக்கு."

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று எனக்கல்லவா தெரியும்? பேசாமல் விட்டிருக்கலாம். அவள் சந்தோஷமாக இருந்தாள், நானும் நல்லவனாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் பிறந்து தொலைத்தேனே.

"ஆர்டித், உள்ள போகும்போது நான் வேண்டாம்னு போடத்தான் போனேன்."

அவள் கை நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து போயிருந்தாலும் நியாயம்தான்.

"வெளிய வரும்போது?" என்று கேட்டாள் கடைசியில்.

"வேணும்னு போட்டுட்டு வந்தேன்."

உருளைக்கிழங்குக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நான் நெனச்சது சரிதான். கொஞ்சம் சீக்கிரமா நெனச்சுட்டேன், அவ்வளவுதானே. சாப்பிடு."